மாமியாரக்கா

"ஒரு சொட்டுதானேங்கறாங்க அண்ணி. இன்னிக்கும் அதேதான். ஒரு சொட்டுத் தண்ணிதானே, ஒரு சொட்டுதானேன்னு. அந்த ஒரு சொட்ட எவ கண்டுபிடிச்சாளோ, அவ ஒரு நாள் என் கையில சிக்கணும்."

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே இது ஆரம்பித்துவிடும். இடது செருப்புக்குப் பாதி, வலது செருப்புக்கு மீதி. பிறகு கைப்பையை நாற்காலியில் வீசிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து, நான் நறுக்கி வைத்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். நாற்பதைத் தாண்டியவள். மேடையில் உட்காராதே என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவள் கேட்ட நாளும் இல்லை.

இவள் என் நாத்தனார். நாத்தனாரைப் பற்றி ஒருத்தி பத்திரிகைக்கு எழுதுகிறாள் என்றால் ஒன்று சண்டை போட்டிருக்க வேண்டும், இல்லை சொத்துப் பிரித்திருக்க வேண்டும். முதலாவது எங்களுக்குள் அவ்வப்போது உண்டு. இரண்டாவதற்குச் சொத்து கிடையாது. அவளும் அவள் மகளும் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார்கள். சாப்பாடு கீழே, தூக்கம் மேலே, சண்டை படிக்கட்டில்.

பெரிய ஆஸ்பத்திரியில், பிரசவப் பகுதியை ஒட்டிய சின்ன அறை ஒன்றில் அவளுக்கு வேலை. எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது, வீட்டில் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது, இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். அவளுக்கும் அந்தக் கிருமி உண்டு. இதை நான் ரகசியத்தைப் போட்டு உடைப்பதாக நினைக்காதீர்கள். அவளே சொல்வாள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனில் ஒரு மணி அடிக்கும். மாத்திரை டப்பாவைத் திறப்பாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் என் வீட்டுக்காரருக்குத் தன் சர்க்கரை மாத்திரை ஞாபகம் வரும். அண்ணனும் தங்கையும் ஒரே ஜக்குத் தண்ணீரில் ஆளுக்கு ஒன்று விழுங்குவார்கள். "சியர்ஸ்" என்பார் அவர். "மூஞ்சி" என்பாள் இவள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "என்ன மாத்திரை அது?" என்று நச்சரித்தாலும் பெயரைச் சொல்லிவிடுவாள். அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டால், "பரவால்ல, காலு நீட்டிக்கலாம்" என்பாள்.

சில கிறுக்குகள் உண்டு. "பாவம்" என்ற சொல் அவள் அறைக்குள் நுழையக் கூடாது. பயிற்சிக்கு வந்த ஒரு நர்ஸ் பெண் வாய்தவறி "பாவம்க்கா இவங்க" என்றதற்கு, "வெளிய போய்ச் சொல்லி முடிச்சிட்டு உள்ள வா" என்று அனுப்பிவிட்டாளாம். பொது இடத்தில் யாராவது பிள்ளைக்குப் பால் கொடுத்தால், வெட்கமில்லாமல் குனிந்து பார்ப்பாள். அந்தப் பெண்கள் பதறித் துணியை இழுத்து மூடுவார்கள். "நான் பிள்ளை வாயத்தான்மா பாத்தேன். நல்லா அகலமா தெறக்க விடு, நுனிய மட்டும் கடிக்குது பாரு" என்பாள். திட்டு வாங்கியும் இருக்கிறாள், நன்றியும் வாங்கியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் பால் பாடம் எடுக்கிற இவள் எங்கள் வீட்டு அடுப்பில் பாலைப் பொங்க விடாமல் ஒரு நாளாவது காய்ச்சியிருக்கிறாளா என்று கேளுங்கள். அடுப்பைத் துடைக்கிறவள் நான். எனக்குத்தான் தெரியும்.

அவள் சொல்லித் தருகிற பாடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் மாத்திரையை ஒரு நாளும் விடாதே. அது ஒழுங்காக உள்ளே போனால் கிருமி ரத்தத்தில் அடங்கிக் கிடக்கும். அடங்கிக் கிடந்தால் பால் வழியாகப் பிள்ளைக்குப் போகிற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. "இல்லவே இல்லை" என்று சொல்ல மாட்டாள். எத்தனை கெஞ்சினாலும் அந்த வார்த்தை அவள் வாயில் வராது. தாய்ப்பால் என்று டாக்டரோடு பேசி முடிவு செய்தால், முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும். தண்ணீர் வேண்டாம், வேறு பால் வேண்டாம். கண்டதும் போனால் பிஞ்சுக் குடலின் உள்தோல் புண்ணாகும், புண் கிருமிக்கு வாசல். டாக்டர் தருகிற மருந்து மட்டும் போகலாம். மாவுப் பால்தான் என்று முடிவு செய்தவள், சுத்தமான தண்ணீரும் அடுப்பும் கைவசம் இருக்கிறவள், அதையே கொடுக்கட்டும், அவளுக்கு டம்ளர் கழுவுவதிலிருந்து பாடம். மார்பில் வெடிப்போ கட்டியோ வந்தால் அன்றைக்கே ஓடி வா, அந்தப் பக்கத்தைக் கொடுக்காதே. பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் தினமும் ஒரு சிரப். குறித்த நாளில் பிள்ளையின் ரத்தம் பார்க்க வேண்டும்.

இவ்வளவுதான். உட்கார்ந்து கேட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பரீட்சை வீட்டில்தான். பரீட்சை வைக்கிறவர் மாமியார்.

அதனால் என் நாத்தனார் பாடத்தை முடித்ததும் மாமியாராக மாறிவிடுவாள். சால்வையைத் தலையில் இழுத்துவிட்டு, ஒரு காலை மடக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்பாள். தாய்மார்கள் பதில் சொல்லிப் பழக வேண்டும். திக்கினால் மறுபடி. இதனாலேயே அந்தப் பகுதியில் அவளுக்கு மாமியாரக்கா என்று பெயர். பிள்ளை பெறாத நர்ஸ்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மாமியார் என்ன கேட்பார், எப்படிக் கேட்பார் என்ற வசனமெல்லாம் எங்கள் சமையலறையில் தயாராகிறது. எனக்கு மருமகள் வந்துவிட்டாள் அல்லவா? கேள்வித்தாள் நான் எழுதிக் கொடுக்கிறேன்.

ஒரு தடவை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். அறைக்குள் நிறைமாதமாக ஒரு தையல்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் நிஜத்தில் தையல்காரி இல்லை. "எழுதிக்குங்கம்மா, ஆனா என் வேலைய மாத்திடுங்க. டெய்லர்னு போடுங்க, சின்ன வயசுல எனக்கு அதான் ஆசை" என்று பின்னால் அவளே சொன்னாள். ஆகவே தையல்காரி. தேடிப் புண்ணியமில்லை.

"இது எங்கண்ணி. நெஜ மாமியார். இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று அவளிடம் கேட்டாள் என் நாத்தனார்.

தையல்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கட்டும்க்கா. நெஜமானவங்க முன்னாடி சொல்லிப் பழகிக்கறேன்."

ஒரு துண்டைச் சுருட்டி அவள் மடியில் பிள்ளையாக வைத்தார்கள். சால்வை தலைக்கு ஏறியது.

"ஏன்டிம்மா, பிள்ளை நாக்கு வறண்டு கெடக்கே, கண்ணு தெரியலியா ஒனக்கு? ஒரு சொட்டுத் தண்ணி வெச்சா குடி முழுகிடுமா?"

"இல்லத்தை... டாக்டரு..."

"டாக்டரா பெத்தாரு? நானுந்தான் பெத்தேன். எல்லாத்துக்கும் தண்ணி குடுத்துத்தான் வளத்தேன். எது செத்துப் போச்சு? ஒம் புருஷன் உசிரோட இல்ல?"

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத. சிரிச்சா மாமியாருக்கு ரெண்டு மடங்கு ஏறும். எனக்கே ஏறுது. மறுபடி."

"பால்லயே தண்ணி இருக்காம் அத்தை. ஆறு மாசத்துக்கு வேற எதுவும் கூடாதுன்னிருக்காரு டாக்டர்."

"அப்ப இந்தச் சிரப்பு மட்டும் எதுக்காம்? கொண்டா, என்ன மருந்துன்னு பாக்கறேன். மேல் வீட்டுப் பையன்கிட்ட காட்டிப் படிக்கச் சொல்றேன்."

தையல்காரி நின்றுவிட்டாள். எல்லாரும் இங்கேதான் நின்றுவிடுவார்களாம். சிரிப்பெல்லாம் போய், மடியில் இருந்த துண்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். வீட்டில் அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். அவனும் மாத்திரை போடுகிறவன். லாரியில் போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. தன் அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "தெரிஞ்சா என்னையும் பிள்ளையையும் வெளிய அனுப்பிடுவாங்கக்கா" என்றாள் தையல்காரி. அதைச் சொல்லும்போது அழவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

என் நாத்தனார் சால்வையை இறக்கிவிட்டுத் தன் சொந்தக் குரலுக்கு வந்தாள். "பொய் சொல்லாத. பொய் சொன்னா ஞாபகம் வெச்சுக்கணும். தூக்கமில்லாம பால் குடுக்கறவளுக்கு அதுக்குத் தெம்பு இருக்காது. நெஜத்துல பாதியச் சொல்லு. பிள்ளைக்குக் கிருமி எதுவும் தொத்தாம இருக்கக் குடுக்கற மருந்து. அது நெஜந்தான? மீதியை எப்பச் சொல்லணும், சொல்லணுமா வேணாமா, அது உன் இஷ்டம். அதுக்கப்புறமும் விடலேன்னா இப்படிக் கேளு: குடுக்கலேன்னா டாக்டர் கூப்பிட்டுத் திட்டுவாரு, நீங்க வந்து பதில் சொல்றீங்களா அத்தை?"

கடைசி வரி என்னுடையது. எந்த மாமியாரும் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் முன்னால் நின்று பதில் சொல்லத் துணியமாட்டாள் என்பது என் கணக்கு. தையல்காரி அதை அங்கேயே பலமுறை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் வாயடைத்துப் போனது போலக் காட்டிக்கொண்டேன்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள், "உங்க பொண்ணுக்கு நீங்க எத்தனை மாசம்க்கா குடுத்தீங்க?"

"ஒரு நாள்கூடக் குடுக்கல" என்றாள் என் நாத்தனார்.

அது உண்மை. அவள் பெற்ற காலத்தில் இவளைப் போன்றவர்களுக்கு இந்த மாத்திரைகள் இப்படிக் கிடைக்கவில்லை. பால் கொடுக்காதே என்பதுதான் அன்றைக்கு உத்தரவு. பிள்ளைக்கு மாவுப் பால். இவளுக்கு மார்பை இறுக்கிக் கட்ட ஒரு துணி. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தில் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருவாள். குழாயை நிறுத்தினால்தான் உள்ளே இன்னொரு சத்தமும் இருந்தது தெரியும். அவள் புருஷன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்து, போய்ச் சேர்ந்துவிட்டார். பெண்ணுக்குக் கிருமி இல்லை. இன்றைக்கு அம்மாவைவிட ஒரு தலை உயரமாகக் கல்லூரிக்குப் போகிறாள், அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எங்களுக்கு எடுத்துத் தருகிறாள். பிள்ளை எப்படி வாய் வைக்க வேண்டும், எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் என் நாத்தனார் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் குனிந்து பார்க்கிறாளே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் கேட்டதில்லை.

தையல்காரிக்கு ஆண் குழந்தை. பால் நன்றாக இருந்தது, பிள்ளையும் இழுத்துக் குடித்தது. சிரப் போனது, பதிலும் வேலை செய்தது. சாயங்காலம் மேடைமேல் உட்கார்ந்து, "உங்க வசனம் சூப்பர் அண்ணி, கிழவி கப்சிப்" என்று என் முதுகில் தட்டினாள் நாத்தனார். யார், எந்த வீடு என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வராது. வசனம் மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

வேலை செய்த பதிலை அவள் இன்னொருத்திக்கும் கொடுத்தாள். அவள் ஒரு சலவைக்கடைக்காரி. அதே மருந்து, அதே கேள்வி, அதே பதில், வாலாக என்னுடைய அதே கடைசி வரி. அங்கேதான் தப்பு நடந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய தப்பு அது. இரண்டு பெண்களும் ஒரே கட்டிடத்தில், வேறு வேறு மாடியில் குடியிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது, விலாசத்தைத் துருவுவது அவள் வழக்கம் இல்லை. ஒரு நாள் இரண்டு மாமியார்களும் மொட்டைமாடியில் துணி உலர்த்தினார்கள். துணி உலர்த்தும்போது மருமகளைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? ஒருவர் சொன்ன வார்த்தையை மற்றவர் முடித்தார். "நீங்க வந்து பதில் சொல்றீங்களா அத்தைன்னு கேட்டாளா? என் மருமகளும் அட்சரம் மாறாம அதத்தான் கேட்டா." ஒப்பித்த பாடம் போல இரண்டு மருமகள்கள். இருவருமே ஆஸ்பத்திரியில் ஒரே அறை வாசலில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர்கள். அந்த அறையில் இருக்கிற அம்மாவுக்கு என்ன நோய் என்று ஆஸ்பத்திரியில் யாருக்குத்தான் தெரியாது?

அவள் தன்னை மறைத்துக்கொள்ளாதவள். அது அவளுடைய தைரியம். அந்தத் தைரியம் வாசலில் உட்காருகிறவளின் நெற்றியில் முத்திரை குத்தும் என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

தையல்காரி மாடிப்படியில் நின்று போன் செய்தாள். எங்கள் சமையலறையில்தான் பேச்சு நடந்தது, இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் என் காதில் விழுந்தது.

"சரி. சரிம்மா. அழாத, மூச்ச விடு. மருந்து இருக்கா? எவ்வளவு? நிறுத்தாத. உன் மாத்திரையையும் நிறுத்தாத. கேளு, பயந்துகிட்டு பாலை மட்டும் நிறுத்திடாத, நிறுத்தினா அவங்களே வேற பாலைக் கரைச்சு ஊத்துவாங்க. பிள்ளைக்கு ரத்தம் பாக்கற நாள் வருதில்ல, அன்னிக்கு மட்டும்... சரி. வராத. உனக்கு முடியறப்ப வா."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்ல மார்க் வாங்கட்டும்னு பரீட்சையில ரெண்டு பேருக்கும் ஒரே விடையச் சொல்லிக் குடுத்துட்டேன் அண்ணி."

ரத்தம் பார்க்க வேண்டிய நாளில் தையல்காரி வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. பிள்ளையின் சிரப் எந்த நேரமும் தீர்ந்துபோகலாம். என் நாத்தனார் மேடைமேல் உட்காருவதை விட்டுவிட்டாள். கீழே நின்றுகொண்டே சாப்பிட்டாள், பாதி சாப்பாட்டில் எழுந்து போனாள். ஒரு நாள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் விலாசம் பார்த்து, வேறு பஸ்ஸில் ஏறி அந்தக் கட்டிடம் இருக்கும் தெரு வழியாகப் போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

"எறங்கவே இல்லண்ணி. நான் எறங்கி அந்த வீட்டுக் கதவைத் தட்டினா, அதோட அவ கதை முடிஞ்சுது."

"அதுக்கு ஏன் போன?"

"மாடியில பிள்ளைத் துணி காயுதான்னு பாத்தேன். காயுது. இன்னும் வீட்டுலதான் இருக்காங்க."

மறுநாள் தலைமை நர்ஸிடம் போய் நின்றாள். இனி அந்தப் பெஞ்சில் எல்லாத் தாய்மார்களும் உட்கார வேண்டும். நோய் இருக்கிறவள், இல்லாதவள், பால் வராதவள், பால் கட்டிக்கொண்டவள், ரெட்டைப் பிள்ளை பெற்றவள், பிள்ளை எடை ஏறாதவள், எல்லாரையும் என் அறைக்கே அனுப்புங்கள். யார் எதற்கு வந்தாள் என்று கடவுளுக்கே குழம்ப வேண்டும். "எல்லாரையும் அனுப்பினா உனக்குச் சாப்பிட நேரம் இருக்காதுடி" என்றார் தலைமை நர்ஸ். "இப்ப மட்டும் சாப்பிடறேனா?" என்றாள் இவள். டாக்டர் இதைக் கேள்விப்பட்டதும் ஒப்புக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இத நானே முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றாராம்.

ஆனால் சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் ஆள் வந்துவிடுவார்களா? அறை எண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர், "எங்களுக்கு எதுக்கு அங்க?" என்று நழுவினார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்தது. முதலில் உட்கார யாராவது வேண்டும்.

"அண்ணி, உங்க மருமகள அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த என் மருமகள் பதில் சொன்னாள். "எனக்கே ஒரு பக்கம் வெடிச்சு உயிர் போகுது சின்னத்தை. ஓசியில வைத்தியம்னா வர மாட்டேனா? அத்தையையும் கூட்டிட்டு வர்றேன். பொழுது போகும்."

மறுநாளே போனோம். மருமகள், அவள் மடியில் பிள்ளை, பையோடு நான். கொஞ்ச நேரத்தில் ரெட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி, "இங்க யாராவது உக்காந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்த தைரியத்தில் உட்கார்ந்தாள். ஒரு பிள்ளையை என் கையில் திணித்தாள். அதன் பிறகு வேறு ஒருத்தி. அப்படியே பல நாட்கள் வேலைக்குப் போவது போலப் போய்வந்தோம். வீட்டில் என் வீட்டுக்காரர் தானே டீ போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த உபரி லாபம் அது.

ஒரு நாள் காலை, வயதான அம்மா ஒருவர் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றார். கையில் பை, முகத்தில் சண்டை. எங்கள் ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"யாருக்கு உடம்புக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. மருமகளுக்கு மார்ல வெடிப்பு. இவளுக்கு ரெட்டைப் பிள்ளை, யாருக்கு எப்பக் குடுக்கறதுன்னு கேக்க வந்திருக்கா. உங்களுக்கு?"

"நானு பதில் சொல்ல வந்திருக்கேன்."

"என்னது?"

"எம் மருமக கேக்கறா, மருந்து குடுக்கலேன்னா டாக்டர் திட்டுவாரு, நீங்க வந்து பதில் சொல்றீங்களான்னு. சொல்றேன்னு வந்துட்டேன். எங்க அந்த டாக்டரு?"

என் வசனம் இரண்டு காலோடு நடந்து வந்து என் முன்னாலேயே நின்றது. மாமியார் துணியமாட்டாள் என்று கணக்குப் போட்டேனே, இந்தக் கணக்கில் நான் என்னைச் சேர்க்க மறந்துவிட்டேன். நானாக இருந்தாலும் வந்திருப்பேன்.

நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை. குரலைத் தாழ்த்தி, "இந்தப் பெஞ்சுல உக்கார்றவங்கல்லாம் அந்த நோய்க்காரங்கன்னு எங்க மாடியில பேச்சு" என்றார்.

"அப்ப நாங்க யாரு?" என்றேன்.

அவர் மறுபடியும் எங்களை வரிசையாகப் பார்த்தார். ரெட்டைப் பிள்ளைக்காரிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள், "யாரா இருந்தா என்னம்மா, நின்னுகிட்டே எவ்வளவு நேரம் பேசுவீங்க? இந்தா, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று இரண்டாவது பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். கையில் பிள்ளை வந்தால் நின்றுகொண்டிருக்க முடியுமா? உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டார். கை தானாகச் செய்தது.

கதவு திறந்தது. என் நாத்தனார் வெளியே வந்தாள். நான் கண்ணைக் காட்டவில்லை, காட்டத் தேவையும் இருக்கவில்லை. "பதில் சொல்ல வந்திருக்கேன், டாக்டர் எங்க?" என்று அந்த அம்மா அவளிடமும் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தினமும் சால்வையைப் போட்டுக்கொண்டு யாராக நடித்தாளோ அவர் சால்வை இல்லாமலே எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் பாடத்தை ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தரையில் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பேரன் நல்லா குடிக்கிறானாம்மா?" என்றாள்.

அந்த அம்மா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டார். தட்டிக்கொண்டே சொன்னார். "குடிக்கிறான். ஆனா அவ குடுக்கறப்பல்லாம் அழுதுகிட்டே குடுக்கறா. நான் ரூமுக்குள்ள போனா மருந்த ஒளிச்சு வெக்கறா. ரெண்டும் சேந்து அழுதா நான் எதைத் தூக்குவேன்? எம் மகன் லாரியில எங்கியோ கெடக்கான். ஏதாவதுன்னா எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன பேயா, பிசாசா?"

"அத அவங்ககிட்ட கேளுங்கம்மா. ஆனா மெதுவா கேளுங்க. எந்த மருமகளைப் பத்தியும் எந்த மாமியார்கிட்டயும் நான் பேசறதில்ல."

"உனக்குத் தெரியும்."

"எனக்கு என்னைப் பத்தித் தெரியும். கேட்டா சொல்றேன். மத்தவங்களைப் பத்தி என் வாயில வராது."

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். "உனக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கா. காலேஜ் போறா. என்னைவிட உசரம்."

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. டாக்டரைப் பார்க்கவும் இல்லை. பிள்ளையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "இங்க எடை பாப்பீங்களா?" என்றார். "பாப்போம். எல்லாப் பிள்ளைக்கும் பாப்போம்" என்றாள் என் நாத்தனார். போய்விட்டார்.  அவர் வந்துபோனது நல்லதா கெட்டதா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் அவர் என்ன செய்வார் என்பதுதான் எல்லாம்.

அந்த வாரம் முடிவதற்குள் அவர்கள் வந்தார்கள். முன்னால் மாமியார், கையில் பேரன். பின்னால் தையல்காரி, கண்கள் வீங்கி, தலை வாரி. மாமியார் தராசில் பிள்ளையைத் தானே கிடத்தினார், முள் நிற்கும்வரை மூச்சு விடவில்லை. ரத்தம் எடுக்கும்போது மட்டும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டில் இருப்பது போலக் காலை நீட்டிக்கொண்டார். உள்ளே பிள்ளை வீறிட்டபோது என் கையைப் பிடித்தார். பிடி நன்றாகவே வலித்தது.

பிள்ளைக்குக் கிருமி இல்லை என்று பிறகு தெரிந்தது. இன்னும் சில தடவை பார்க்க வேண்டும், பால் நிறுத்திய பிறகும் ஒரு தடவை. "இல்லவே இல்லை" என்ற வார்த்தையை என் நாத்தனார் அதுவரை சொல்ல மாட்டாள். பாதி நிஜத்தின் மீதிப் பாதியைத் தையல்காரி வீட்டில் சொன்னாளா, மாமியார் கேட்டாரா, கேட்காமலே தெரிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அவர்கள் சொல்லவில்லை. நானும் என் வாயைக் கட்டிக்கொண்டு கேட்காமல் இருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சலவைக்கடைக்காரியும் வருகிறாள். அவளுக்கு இப்போது வேறு பதில். ஒருத்திக்குக் கொடுத்த பதிலை என் நாத்தனார் இன்னொருத்திக்குக் கொடுப்பதில்லை. ஆளுக்கு ஒன்றாகப் புதிது புதிதாக யோசித்து என் மண்டை காய்கிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன். என் மருமகளின் புண் ஆறிவிட்டது. ரெட்டைப் பிள்ளைக்காரி ஊருக்குப் போய்விட்டாள். சில நாட்கள் அந்தப் பெஞ்சில் வர வேண்டியவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சுவரைப் பார்க்கிறார்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் இப்படி ஓர் அறை இருக்கும், அதன் வாசலில் ஒரு பெஞ்சும் இருக்கும். போய் உட்காருங்கள். பிள்ளை பெற்றவர்கள், பெறப் போகிறவர்கள், பால் கட்டிக்கொண்டவர்கள், மருமகளோடு பேச்சு நின்றுபோன மாமியார்கள், எல்லாரும் போங்கள். கேட்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள், பிள்ளைக்கு எடையாவது பார்த்துக்கொண்டு வரலாம். அங்கே உட்காருகிறவர்களில் யாருக்கு என்ன என்று கண்டுபிடிக்கப் போகிறவர்களும் தாராளமாகப் போகலாம். உட்கார்ந்துவிட்டால் நீங்களும் அந்த வரிசையில் ஒருத்திதான்.

எங்கள் ஊராக இருந்தால் கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும். யார் அனுப்பினார்கள், என்ன நோய் என்று அவள் கேட்க மாட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, உங்கள் பிள்ளையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டுவாள்.